537 குண்டு, 576 கட்டம், ஒரு லேப்டாப்

மேப்ல நாலு புள்ளி கிட்ட கிட்ட இருந்தா போதும், அங்க என்னமோ இருக்குன்னு தோணிடும் நமக்கு. 1944ல லண்டன் ஜனத்துக்கும் அதான் தோணுச்சு, ஜெர்மன்காரன் வி-1ங்கற ஆளில்லாம பறந்து வர்ற குண்டை குறி வெச்சு சில ஏரியாவுலயே போடுறான்னு. ஆர்.டி.கிளார்க்னு ஒரு ஆக்சுவரி (இன்ஷூரன்ஸ் கணக்கு போடுறவர்), தெற்கு லண்டன்ல 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டமா பிரிச்சு எண்ணி, 1946ல ஒரே பக்கத்துல எழுதி முடிச்சுட்டார். மொத்தம் 537 குண்டு. ஒண்ணுமே விழாத கட்டம் 229, ஒண்ணு விழுந்தது 211, ரெண்டு 93, மூணு 35, நாலு 7, அஞ்சோ அதுக்கு மேலயோ ஒரே ஒரு கட்டம். சும்மா தாறுமாறா விழுந்தா எப்படி இருக்கும்னு பாய்ஸான் ஃபார்முலாவுல போட்டா 227, 211னு கிட்டத்தட்ட அப்படியே வருது. குறியாவது ஒண்ணாவது.

எனக்கு உறுத்தினது அந்த கடைசி கட்டம்தான். கழிச்சு பார்த்தா அதுல மட்டும் 7 குண்டு! ஒரு குறிப்பிட்ட கட்டத்துல 7ஓ அதுக்கு மேலயோ விழ சுமார் 18,500ல ஒரு சான்ஸ்தான்.

சரின்னு பைத்தான்ல நாலு வரி எழுதினேன், 537 புள்ளியை கண்ணை மூடிட்டு தூவு, அதிகமா விழுந்த கட்டத்துல எத்தனைன்னு குறிச்சுக்கோ, இதையே 999 தடவை பண்ணு, நிஜ லண்டனையும் சேர்த்தா கணக்கு 1000ன்னு ரவுண்டா வந்துடும். மான்டி கார்லோங்கறது இவ்ளோதான், பேருதான் பெருசு. 30 தடவை கிட்ட 7ஓ அதுக்கு மேலயோ வந்துச்சு. 18,500ல ஒண்ணு எங்க, 33ல ஒண்ணு எங்க! நான் 576 கட்டத்துலயும் தேடித்தானே அதை புடிச்சேன், சிமுலேஷனும் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி தேடுது.

1000ல 30ன்னா 0.03, தற்செயல் இல்லன்னு சொல்ல வழக்கமா வைக்கிற 0.05 எல்லைக்கு கீழதானேன்னு குதிக்காதீங்க, டேபிளை பார்த்துட்டு அப்புறமா டெஸ்டை செலக்ட் பண்ணினது அழுகுணி ஆட்டம். போதாததுக்கு கட்டம் பிரிக்கிற கோடுகளை அரை கட்டம் தள்ளி போட்டா அந்த 7 அஞ்சும் ரெண்டுமா பிரிஞ்சு போயிடலாம்.

இதுக்குத்தான் குல்டார்ஃப்னு ஒரு புள்ளியியல்காரர் 1997ல கட்டத்தை விட்டுட்டு சின்னதும் பெருசுமா வட்டத்தை மேப் முழுக்க ஓட்டினார், உள்ள எவ்ளோ வெளிய எவ்ளோன்னு வெச்சு அந்த வட்டம் எவ்ளோ தனிச்சு நிக்குதுங்கற மதிப்பை (லைக்லிஹுட்) பார்த்து, டாப்ல வர்ற வட்டத்தை சிமுலேஷன்ல வர்ற டாப் வட்டங்களோட ஒப்பிடுறது. சாட்ஸ்கேன்னு ஃப்ரீ சாஃப்ட்வேரே இருக்கு. குண்டுக்கு பதிலா நோயை மேப்ல பார்க்கறதுன்னா புள்ளியை நிலத்துல தூவக்கூடாது, ஜனத்தொகைப்படி தூவணும், இல்லேன்னா ஜனக்கூட்டமான இடமெல்லாம் கிளஸ்டர்தான், அதாவது நோய் குவிஞ்ச இடமா தெரியும். அணுகுண்டு செஞ்ச அமெரிக்க ஊர் லாஸ் அலமாஸ்ல மூளை கேன்சர் கூடிப்போச்சுன்னு பயம் கிளம்பினப்போ, காலத்தையும் சேர்த்து இதே வழியில பார்த்து 1998ல எழுதினாங்க, அந்த அளவு தற்செயலாவே வரலாம்னு.

லண்டனுக்கும் வட்டம் ஓட்டலாம்னு உக்காந்தேன். கிளார்க் எழுதின அந்த ஒரு பக்கத்துல டேபிள்தான் இருக்கு, எந்த குண்டு எங்க விழுந்துச்சுன்னு இல்ல.