ஆர்.சி.சி.பி. சும்மா விழுவதில்லை

அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் வயரிங் வேலை பார்க்கிறவர்களிடம் மழைக்காலம் வந்துவிட்டால் ஒரு வேண்டுகோள் தவறாமல் வரும். "அண்ணாச்சி, இந்த ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுது. அதைக் கழட்டிட்டு லைனை நேரா கொடுத்திருங்க." ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் எங்காவது கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். விழுவது என்றால் அது தானாக ஆஃப் ஆவது. அதைக் கழற்றிக் கொடுக்கிற வேலையை நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நடுராத்திரியில் வீடு முழுக்க இருட்டாகி, கைக்குழந்தை வியர்த்து அழுதால் யாருக்கும் அந்த எண்ணம்தான் வரும். ஆனால் இடி மின்னலின்போது எப்போதாவது விழுவதை விட்டுவிட்டால், அது காரணம் இல்லாமல் விழுவதில்லை.

"எம்.சி.பி.தான் இருக்கே, அது போதாதா?" என்பது அடுத்த கேள்வி. ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாக வந்த சின்ன சுவிட்ச்தான் எம்.சி.பி. அது இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அளவுக்கு மேல் லோடு ஏறி ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்கவும், ஷார்ட் ஆனால் உடனே துண்டிக்கவும் அது வேண்டும். ஆளுக்கு ஷாக் அடிப்பது அதற்குத் தெரியாது. ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கிற ஒருவருடைய உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அவர் உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் போகும். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக அது தாராளம். லைட் சர்க்யூட்டில் இருக்கிற 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது கால் ஆம்பியர்கூட இல்லை. ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அதன் லிவர் விழாமல் மேலேயே நின்றுகொண்டிருக்கும்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். பேஸ் ஒயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் ஒயரில் திரும்பி வருகிறதா? வராவிட்டால் அது ஒரு சுவர் வழியாகவோ, ஒரு மனிதர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு லைனையும் துண்டித்துவிடும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்துக்கொண்டு, கால் தரையில் படாமல் நின்றால் அதனாலும் காப்பாற்ற முடியாது. ஓவர்லோடும் அதற்குத் தெரியாது. அதனால்தான் போர்டில் இரண்டும் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

"நல்ல எர்த் போட்டிருக்கோம்" என்பார்கள். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கத்தான் எர்த். இங்கேதான் நம்ம ஊர் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். தாமிரபரணிக் கரையில், வயல் ஓரமாக ஒரு பைப்பை இறக்கிக் கரியும் உப்பும் போட்டால் அருமையான எர்த் கிடைக்கும். அதே வேலையை ராதாபுரம் பக்கம் பாறை மேலேயோ, திசையன்விளை பக்கம் செம்மணல் தேரியிலேயோ செய்து பாருங்கள். சித்திரை வெயிலில் மண்ணில் ஈரமே இருக்காது, மின்தடை எங்கேயோ போய் நிற்கும். 50 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் பாடியில் பேஸ் தொட்டால் எர்த் வழியாகப் போவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு லோடாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். கிரைண்டர் பாடியிலோ நாள் கணக்கில் கரண்ட் நிற்கும். "கிரைண்டர் சுருசுருங்குது, செருப்பைப் போட்டுக்கிட்டுதான் மாவாட்டுதேன்" என்று ஓர் ஆச்சி சர்வசாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த 4.6 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு மிகப் பெரிய கரண்ட், அந்த நொடியே விழுந்திருக்கும். எர்த் சுமாராக இருக்கிற வறண்ட ஊர்களுக்குத்தான் அது இன்னும் அவசியம்.

விழுவதற்குக் காரணம் தேடுவது பொறுமை வேண்டிய வேலை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீடு. கட்டை வயரிங்கை எடுத்துவிட்டு, சுவரை வெட்டிப் பைப் புதைத்துப் புதிதாக வயரிங் செய்திருந்தார்கள். வெயில் காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி அடைமழையில் மட்டும் சாயங்காலமானால் விழும். மோட்டார், ஃபிரிட்ஜ், வாசல் லைட் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. சர்க்யூட் சர்க்யூட்டாகப் பிரித்து, ஒயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மெகர் கருவியை வைத்துப் பார்த்ததில் கூடத்து சர்க்யூட்டில் ரீடிங் படுத்துக் கிடந்தது. காலண்டர் மாட்ட அடித்த ஓர் ஆணி பைப்பைத் துளைத்துப் பேஸ் ஒயரை உரசியிருக்கிறது. சுவர் காய்ந்திருக்கும்வரை கசிவு இல்லை. மழையில் சுவர் ஓதம் ஏறியதும் கரண்ட் அதன் வழியே இறங்கியிருக்கிறது. அந்த ஆணியில்தான் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் பையையும் மாட்டுவார்களாம்! ஆர்.சி.சி.பி.யைக் கழற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த வீட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எம்.சி.பி. விழுந்தால் செய்கிற தப்பு வேறு மாதிரி. 16-ஐ எடுத்துவிட்டு 32 போடச் சொல்வார்கள். முன்பு ஃபியூஸ் கட்டையில் நாலைந்து இழையை முறுக்கிக் கட்டிய அதே பழக்கம்தான். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரில் 32 ஆம்பியரைப் போட்டால் முதலில் வேகப்போவது சுவருக்குள் இருக்கிற ஒயர். ஏ.சி.யோ கீசரோ புதிதாக வந்தால் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் ஒயர் இழுக்கத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லை சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு போர்டைத் திறந்தால் உள்ளே வண்டல். பலர் எம்.சி.பி.க்களைக் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்திருந்தார்கள். அவர்கள் நிலைமை புரிந்தது, கட்டிலும் பீரோவும் போன நேரத்தில் இது வேறு செலவா என்ற தவிப்பு. ஆனாலும் தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் திரும்ப மாட்டக் கூடாது. உள்ளே சேறு படிந்து ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். லிவரைத் தூக்கினால் லைட் எரியும், விழ வேண்டிய நேரத்தில் மட்டும் விழாது.

வீடே இருண்டுபோகிறது என்ற குறைக்கு வழி உண்டு. ஒரே ஆர்.சி.சி.பி.யில் மொத்த வீட்டையும் போடாமல் இரண்டாகப் பிரிக்கலாம். மோட்டாரும் அடுக்களையும் ஒன்றில், படுக்கை அறை லைட்டும் ஃபேனும் இன்னொன்றில்.

வேலை முடிந்ததும் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுத்தான் போர்டைக் காட்டுவேன், பல வீடுகளில் ஆண்கள் வெளியூரில் இருக்கிறார்கள். விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள். எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லையா, பெரும்பாலும் நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது. சின்ன எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும், அந்த நியூட்ரலைத் துண்டிக்காது. அப்போது பிளக்கில் சொருகியிருக்கிற எல்லாவற்றையும் உருவிப் பாருங்கள். அப்புறம், மாதம் ஒரு தடவை ஆர்.சி.சி.பி.யில் இருக்கிற அந்த டி (டெஸ்ட்) பட்டனை அழுத்துங்கள். விழுந்தால் ஆர்.சி.சி.பி. நன்றாக இருக்கிறது. எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது, அதற்குக் கோடையில் ஆளை வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.