மாதக் கடைசியைத் தாண்டும் பயிற்சி

கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவது பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில். விடுவது கடைசி வாரத்தில். கணக்கு முடிக்கும் அந்த நான்கைந்து நாளும் இரவு பத்துக்கு வீடு திரும்புகிறவர், காலை ஐந்து மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. போட்ட திட்டம்தான் தப்பு. வேலை குறைந்த நாளுக்கு மட்டுமே பொருந்தும் திட்டம் அது.

அளவை மிக மோசமான நாளை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் போதும்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், சுவரில் கைவைத்துப் பத்து தண்டால், குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குதல். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் நகர்ந்துவிடும். சுவரோடு ஒட்டிப் போட்ட சாதாரண நாற்காலிதான் சரி. பொத்தென்று உட்காராமல் மூன்று எண்ணியபடி இறங்க வேண்டும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது.

இதைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். மீட்டிங் தள்ளிப்போகும், சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவது தள்ளிப்போகாது. டப்பாவைக் கழுவி வைத்ததும் பயிற்சி என்றால், அதை நினைவூட்ட அலாரம் தேவையில்லை. ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போது தண்டால் வேண்டாம். அப்போது பத்து நிமிட மெதுநடை போதும். சோறு சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவதையும் அது மட்டுப்படுத்தும். மற்றவற்றைச் சாயங்காலக் காபிக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. 66 நாளுக்குள் இரண்டு மாதக் கடைசிகள் வந்தே தீரும். அவற்றைத் தாண்டும் வழியை முதலிலேயே யோசித்து வைக்காவிட்டால் பழக்கம் வேர்பிடிக்காது. ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

மூன்றாவது வாரத்தில் வரும் உற்சாகம்தான் ஆபத்து. பத்து நிமிடம் நடந்தவர் திடீரென நாற்பத்தைந்து நிமிடம், அதுவும் ரப்பர் செருப்போடு சிமெண்ட் தரையில் நடந்தால் முன்னங்கால் எலும்பையொட்டி வலி பிடிக்கும். பிறகு பத்து நாள் ஓய்வு, அதோடு எல்லாம் நின்றுவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கூட்டுங்கள். ஷூவை மேசைக்கு அடியிலேயே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவுக்குப் பதில் மாடிப்படி. முட்டி வலி உள்ளவர்கள் படியில் ஏறி லிஃப்டில் இறங்கட்டும். இறங்கும்போதுதான் முட்டிக்குச் சுமை அதிகம். நெஞ்சுவலி, இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டர்.

எட்ட வேண்டியது வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கைவிட்டது. மூன்று நிமிடப் படியேற்றமும் சேரும்.

கணக்கு முடிக்கும் வாரத்தில் அந்தப் பத்து எழுந்து உட்காருதல் மட்டும் செய்து, காலண்டர் தாளில் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.