சென்சார் செத்தா பரவால்ல, பொய் சொல்லக் கூடாது

கடலூர்ல இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை (பிளான்ட்ல சூடு, அழுத்தம், டேங்க் மட்டம் அளக்கற கருவிங்கள பாத்துக்கறது) பாக்கறேன்னு சொன்னா போதும், "எந்த கம்பெனி சென்சார் நல்லா உழைக்கும்"னு கேட்டுடுவாங்க. எனக்கு உடனே பதில் வராது. அது எந்த நாட்ல செஞ்சதுங்கறத விட, எந்தப் பக்கம் பாத்து மாட்டப்போறீங்க, மேல கூரை இருக்கா, கேபிள் மேலேர்ந்து எறங்குதா கீழேர்ந்து ஏறுதா, இதத்தான் மொதல்ல கேப்பேன். கேட்டவருக்கு கடுப்பாயிடும், என்னடா இவன் கேட்டதுக்கு பதில் சொல்லாம திருப்பிக் கேள்வி கேக்கறானேன்னு.

ஆனா எங்க ஊர் அப்டி. சிதம்பரம் ரோட்ல சிப்காட், பின்னாடி உப்பனாறு, அதத் தாண்டினா கடல். காலைல பத்து பதினோரு மணிக்கு கடக்காத்து திரும்பிச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் உப்பத் தூவிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்ப வெரலால தடவி நாக்குல வச்சா தெரியும் (ஆசிட் பிளான்ட்ல இத செய்யாதீங்க, தயவுசெஞ்சு). சாதா சமையல் உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினாதான் தண்ணிய இழுத்து கரையும், கடலுப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது 33 சதவீதத்துலயே தண்ணிய இழுக்க ஆரம்பிச்சிடும். கத்திரி வெயில் மத்தியானத்துலகூட நம்ம ஊர்ல அவ்ளோ ஈரம் காத்துல இருக்கு. அதனால இரும்பு மேல ஒரு மெல்லிசு உப்புத்தண்ணி எப்பவுமே ஒட்டிட்டு இருக்குன்னு வச்சுக்கங்க.

புதுசா வர்றவங்க நம்ப மாட்டேங்கற விஷயம் ஒண்ணு இருக்கு. வெட்டவெளில மழைல நனையற இன்ஸ்ட்ருமென்ட்ட விட, கூரைக்கு அடியில 'பத்திரமா' இருக்கறது சீக்கிரம் அரிச்சுப்போகும். ஏன்னா மழை உப்பக் கழுவி விட்டுடுது, கூரைக்கு அடியில உப்பு சேந்துகிட்டே போகுது. ஒரே டேங்க்ல மேல இருக்கற ஃபிளாஞ்ச் போல்ட் பளிச்சுன்னு இருக்கும், அடிப்பக்கம் குனிஞ்சு பாத்தா டீக்கறை மாதிரி பழுப்பு ஓடியிருக்கும். 304ங்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடுல இது சீக்கிரம் வரும், 316ல ரெண்டுலேர்ந்து மூணு சதவீதம் மாலிப்டினம் இருக்கறதால கொஞ்சம் தாங்கும், கொஞ்சம்தான்.

சரி, இரும்பு அரிச்சா கண்ணுக்குத் தெரியும், மாத்திடலாம். எனக்கு வயித்தெரிச்சல் ஜங்ஷன் பாக்ஸ்தான், ஒயருங்க ஒண்ணு சேர்ற பொட்டி. பகல்ல வெயில்ல பாக்ஸ் சூடாயி உள்ள இருக்கற காத்து விரிஞ்சு வெளிய போகும், ராத்திரி குளுந்ததும் வெளிக்காத்த உள்ள இழுக்கும், அந்தக் காத்துல ஈரமும் உப்பும் சேந்தே வரும், கிளாண்ட் (கேபிள் பொட்டிக்குள்ள நுழையற எடத்துல இறுக்கற திருகு) எவ்ளோ இறுக்கினாலும் அது மூச்சு விடறத நிறுத்தாது. மார்கழில விடியக்காலம் ஷிஃப்ட்டுக்குப் போயி ஒரு பாக்ஸ் மூடியக் கழட்டிப் பாருங்க, மூடியோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும். டெர்மினல்ல பிளஸ் ஒயர் நுனில பச்சப்பொடி பூத்திருக்கும், பக்கத்துலயே மைனஸ் ஒயர் சுத்தமா இருக்கும். 24 வோல்ட் டிசி, ஈரம், உப்பு, மூணும் சேந்தா அது ஒரு சின்ன எலக்ட்ரோபிளேட்டிங் தொட்டி, பிளஸ்ல இருக்கற செம்பு கரைஞ்சுகிட்டே இருக்கும்.

இதுலதான் விஷயம் இருக்கு. ஃபீல்டுல நாலு டூ இருபது மில்லியாம்ப்னு ஒரு சிக்னல் ஓடுது, டேங்க் காலின்னா நாலு, நிறைஞ்சா இருபது, பெரும்பாலான பிளான்ட்ல இதான். சைபர்ல ஆரம்பிக்காம ஏன் நாலுல ஆரம்பிக்குதுன்னா, ஒயர் அறுந்தா சைபர் ஆயிடும், 'டேங்க் காலி'க்கும் 'ஒயர் காலி'க்கும் வித்தியாசம் தெரியணும். அதாவது சென்சார் செத்தா செத்துட்டேன்னு சொல்லிட்டு சாகணும். அருமையான யோசனை. ஆனா ஜங்ஷன் பாக்ஸ்ல ஈரம் ஏறி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல ஒரு மில்லியாம்ப் கசிஞ்சா? டிரான்ஸ்மிட்டர் (சென்சார் அளந்தத சிக்னலா மாத்தி அனுப்பற கருவி) எடுக்கற கரண்டோட அந்தக் கசிவும் சேந்துக்கும், மொத்த ஸ்கேல்ல ஆறேகால் சதவீதம் ஏத்திக் காட்டும், அலாரம் எதுவும் அடிக்காது, கன்ட்ரோல் ரூம்ல ஏசில உக்காந்திருக்கறவருக்கு டேங்க் நிறைஞ்சிட்டு வர்ற மாதிரி தெரியும். ஆர்டிடியா (சூடு ஏற ஏற மின்தடை ஏறற சென்சார்) இருந்தா வேற மாதிரி பொய். பிடி 100ங்கற பிளாட்டினம் ஆர்டிடி சைபர் டிகிரில 100 ஓம், நூறு டிகிரில 138.5 ஓம், அப்ப ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான். டெர்மினல் அரிச்சு ஒரு ஒயர்ல ஒரு ஓம் ஏறிடுச்சுன்னாலே ரெண்டரை டிகிரிக்கு மேல அடி.

இவ்ளோ வருஷத்துல நான் புரிஞ்சுகிட்டது இதான். மோசமான எடத்துல சென்சார் சாகறது பெரிய பிரச்சனை இல்ல, அது பொய் சொல்றதுதான் பிரச்சனை, அந்தப் பொய்யும் பெரும்பாலும் சென்சார்லேர்ந்து வராது, சுத்தி இருக்கற கிளாண்ட், கேஸ்கெட், ஒயர், வென்ட் ஓட்டைலேர்ந்துதான் வரும்.

வென்ட் ஓட்டைன்னதும் குளவி ஞாபகம் வருது. கேஜ் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்ல வெளிக்காத்து அழுத்தத்த ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குளவிக்கு அது ரொம்பப் புடிக்கும். மண்ணு வச்சு அடைச்சிடும். அப்பறம் உள்ள மாட்டிகிட்ட காத்து வெயிலுக்கு விரியும் சுருங்கும், ரீடிங் மத்தியானம் ஒண்ணு காட்டும் ராத்திரி ஒண்ணு காட்டும். எங்க கூட வேலை பாக்கற ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் இத பாத்த ஒடனே சொல்லிடுவாரு, "தம்பி, காலிபரேட்டர அப்பறம் எடு, மொதல்ல ஒரு ஊசி எடு"ன்னு. சிரிப்பா இருக்கும், ஆனா 1996 பிப்ரவரி 6 அன்னைக்கு டொமினிக்கன் ரிபப்ளிக்ல புவெர்ட்டோ பிளாட்டாலேர்ந்து கெளம்பின ஒரு போயிங் 757 கடல்ல விழுந்து 189 பேர் செத்துப்போனாங்க, வேகத்த அளக்கற பிட்டோ டியூப் ஒண்ணு அடைச்சிருந்துச்சு, குளவிக்கூடுன்னுதான் சந்தேகப்பட்டாங்க. கேப்டன் பக்கத்து மீட்டர் வேகம் ஜாஸ்தின்னு காட்டுது, நெஜத்துல பிளேன் வேகம் கொறைஞ்சு போயிட்டிருக்கு. செத்துப்போன மீட்டரா இருந்தா அவர் அத நம்பியிருக்க மாட்டாரு.

குளவி மட்டும் இல்ல, பல்லியும் அப்டித்தான். பாக்ஸ்ல நாக் அவுட் ஹோல் (கேபிள் நுழைக்கறதுக்கான ஓட்டை) ஒண்ணு பிளக் போடாம விட்டா உள்ள போயி முட்டை வச்சிட்டு, ஒருநாள் ரெண்டு டெர்மினல் மேலயும் கால வச்சு தானும் போயி ஃபியூஸயும் கொண்டுபோயிடும். எறும்பு, எலி பத்தி எழுதினா இன்னொரு பதிவு ஆகும்.

சூடு வேற கதை. அடுப்புக்குள்ள ஆயிரம் டிகிரில எந்த எலக்ட்ரானிக்ஸும் நிக்காது, அதனாலதான் தெர்மோகப்பிள். ரெண்டு வேற வேற உலோகக் கம்பி, நுனில ஒட்டியிருக்கும், அவ்ளோதான். கே டைப்ங்கற ரகத்துல, நுனி சூடானா, நூறு டிகிரிக்கு நாலு மில்லிவோல்ட்தான் வரும், அத படிக்கற மூளை எல்லாம் தள்ளி, குளுமையான எடத்துல. ஆனா இதுவும் பொய் சொல்லும். அடுப்பு மேல இருக்கற ஹெட்லேர்ந்து (அந்தக் கம்பிங்க வந்து முடியற பொட்டி) பேனல் வரைக்கும் அதே டைப் எக்ஸ்டென்ஷன் கேபிள் இழுக்கணும், வெல ஜாஸ்தின்னு யாராவது சாதா காப்பர் கேபிள் இழுத்துட்டா, மே மாசத்துல ஹெட் அறுபது டிகிரி, பேனல் ரூம் இருபத்தஞ்சு டிகிரின்னா நேரா முப்பத்தஞ்சு டிகிரி கம்மியா காட்டும். குளுர்ற ராத்திரில கம்மி பிழை, வெயில்ல ஜாஸ்தி பிழை, அதனால ஆபரேட்டர் "பகல்ல அடுப்பு ஒழுங்கா எரிய மாட்டேங்குது சார்"ம்பாரு.

இதவிட கேடி ஒண்ணு இருக்கு, கிரீன் ராட்னு பேரு. கே டைப்புல ஒரு கம்பி குரோமெல், நிக்கலும் குரோமியமும். ஒல்லியான டியூபுக்குள்ள ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருந்தா, சுமார் 800லேர்ந்து 1050 டிகிரிக்குள்ள நிக்கல விட்டுட்டு குரோமியம் மட்டும் ஆக்சைடு ஆகும், பச்சையா. கம்பி அறுகாது, ரீடிங் மட்டும் மெதுவா எறங்கும். ரீடிங் எறங்கினா கன்ட்ரோலர் என்ன பண்ணும், எண்ணெய ஏத்தும், அடுப்பு நெஜமா சூடாகிட்டே போகும், ஸ்க்ரீன்ல எல்லாம் செட் பாயின்ட்ல அழகா இருக்கும். கண்டுபுடிக்க ஒரு காந்தம் போதும், நல்ல குரோமெல் காந்தத்துல ஒட்டாது, குரோமியம் போனது ஒட்டும். அந்த எடத்துக்கு 'என்' (N) டைப் தெர்மோகப்பிள் போட்டா இந்தத் தொல்லை ரொம்பக் கொறையும்.

மூளைய தள்ளி வைக்க முடியாத எடமும் இருக்கு. வெள்ளி கிரகத்துல 1982 மார்ச் 1 அன்னைக்கு சோவியத்தோட வெனேரா 13 எறங்கினப்ப வெளிய 457 டிகிரி, நம்ம பூமிய போல 89 மடங்கு அழுத்தம். அவங்க செஞ்சது நம்ம துறைமுகத்துல மீன ஐஸ் பொட்டில போட்டு அனுப்பற மாதிரிதான், எறங்கறதுக்கு முன்னாடியே உள்பக்கத்த நல்லா குளுர வச்சு, டைட்டானியம் உருண்டைக்குள்ள பூட்டி, உருகும்போது சூட்ட உறிஞ்சற ஒரு உப்பயும் உள்ள வச்சு அனுப்பிட்டாங்க. 32 நிமிஷம் தாங்கினா போதும்னு செஞ்சது 127 நிமிஷம் பேசுச்சு. இப்ப வேற வழில போறாங்க, நாசாவோட கிளென் சென்டர்ல சிலிக்கான் கார்பைடுல சிப் செஞ்சு, வெள்ளி கிரகத்து சூடு அழுத்தம் காத்து எல்லாத்தயும் ஒரு சேம்பர்ல உண்டாக்கி, குளுர வைக்காம உள்ள வச்சு 521 மணி நேரம் ஓட்டிட்டாங்க. நம்ம சாதா சிலிக்கான் அந்தச் சூட்ல செமிகண்டக்டர்ங்கறதயே மறந்து வெறும் கண்டக்டர் ஆயிடும்.

மெட்டீரியல்ல 'பெஸ்ட்'னு ஒண்ணு இல்ல, இத பர்ச்சேஸ்ல புரிய வைக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும். குளோரின எடுத்துக்கங்க. ஈரக் குளோரினுக்கு டைட்டானியம் பிரமாதம். அதே டைட்டானியத்த காஞ்ச குளோரின்ல போட்டா தீ புடிக்கும், நெஜமாவே எரியும். காஞ்ச குளோரினுக்கு சாதா கார்பன் ஸ்டீலே போதும், அதுல கொஞ்சம் ஈரம் போச்சுன்னா ஸ்டீல தின்னுடும். அப்டியே தலைகீழ். "வெல ஜாஸ்தி, அதனால எல்லாத்துக்கும் ஆகும்"னு நெனச்சா உசுருக்கே ஆபத்து. டயாஃப்ரம் சீலுக்குள்ள (கெமிக்கல் சென்சார்ல படாம நடுவுல நிக்கற மெல்லிசு தகடு) இருக்கற எண்ணெயும் அப்டித்தான், குளோரின் லைனுக்கு சாதா சிலிக்கான் ஆயில் போடக் கூடாது, டயாஃப்ரம் கிழிஞ்சா குளோரினோட ரியாக்ட் ஆகும், அதுக்குன்னு ஹாலோகார்பன் ஆயில் இருக்கு. அமோனியா பக்கத்துல பித்தளை கிளாண்ட் போட்டா விரிசல் விடும்.

நம்ம மாவட்டத்துலயே இன்னொரு கொடூரமான எடம் நெய்வேலி சுரங்கம். உப்பு கெடையாது அங்க, தேய்மானம். நிலக்கரிக்கு மேல கெடக்கற கல்லுக்கு பேரே கடலூர் மணற்கல், நம்ம ஊர் பேரு. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரோட (சக்கரத்துல வாளிங்க மாட்டின தோண்டற மிஷின்) பல்ல அரத்துல தேய்ச்சாப்ல தேய்க்கும், பல எடத்துல வெடி வச்சு ஒடைச்சிட்டுதான் தோண்டவே முடியும். கீழ நிலக்கரிக்கு அடியில ஆர்டீசியன் தண்ணி (அழுத்தத்துல அடைபட்டுக் கெடக்கற நிலத்தடி நீர்) சதுர சென்டிமீட்டருக்கு ஆறுலேர்ந்து எட்டு கிலோ அழுத்தத்துல மேல தள்ளிட்டு இருக்கு, ராத்திரி பகலா பம்ப் போட்டு அத எறக்கிட்டே இருந்தாதான் தரை நிக்கும். அந்த மாதிரி எடத்துல தண்ணி அழுத்தத்த அளக்கறது பொய் சொன்னா என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கடசியா ஐபி ரேட்டிங், தூசியும் தண்ணியும் எவ்ளோ உள்ள போகாதுன்னு சொல்ற நம்பர். ஐபி 67னா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம், புதுசா பொட்டிலேர்ந்து எடுத்தது, நல்ல தண்ணில. மூணு வருஷம் வெயில்ல காஞ்ச ரப்பர் கேஸ்கெட்டுக்கு, அலுமினியம் பாடில எஸ்எஸ் போல்ட் போட்டு ரெண்டும் கடக்காத்துல ஒண்ண ஒண்ணு தின்னுட்டு இருக்கறதுக்கு, அந்த நம்பர் ஒண்ணும் சொல்லாது. ஒரு பிளான்ட்ல லட்சக்கணக்குல டிரான்ஸ்மிட்டர் வாங்கிட்டு கிளாண்ட்ல மட்டும் 'ஈக்குவலன்ட்'னு எதையோ வாங்கி வச்சிருந்தாங்க, தானே புயல் மாதிரி எல்லாம் வேணாம், சாதா வடகிழக்குப் பருவமழையே போதுமா இருந்துச்சு, பாதி பாக்ஸ் தண்ணி. தானே வந்தப்ப, 2011 டிசம்பர் 30 காலைல, மணிக்கு 140 கிலோமீட்டர் காத்துல மழை பக்கவாட்டுல வந்துச்சு, மேல கூரை போட்டதெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஒதவல.

அதனால ஐப்பசி பொறக்கறதுக்குள்ள நான் பாக்கறது இவ்ளோதான். கேபிள் கிளாண்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்கணும், தண்ணி அங்கேயே சொட்டிடும். கிளாண்ட் பாக்ஸோட அடிப்பக்கம் இருக்கணும், மேல இருந்தா யார் போட்டாங்கன்னு கேட்டு சண்ட போடுவேன். அலுமினியத்துக்கு பதிலா ஃபைபர் பாக்ஸ், காத்து மட்டும் போயி தண்ணி போகாத மெம்ப்ரேன் வென்ட் ஒண்ணு அடியில. வெள்ளை நைலான் டை கட்டாதீங்க, வெயில்ல பொடிப்பொடியா ஒடைஞ்சிடும், கருப்பு யூவி டை வாங்குங்க. கூரைக்கு அடியில இருக்கறத நல்ல தண்ணில மாசாமாசம் கழுவுங்க, மழை செய்யற வேலைய நம்ம செய்யணும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போடலாமான்னு கேப்பாங்க, போடலாம், ஆனா அத மாத்தறதுக்குன்னு ஒரு ஆளும் ஒரு தேதியும் இருந்தா மட்டும் போடுங்க, எங்க ஊர்க் காத்துல அது சீக்கிரமே நிறைஞ்சிடும், அப்பறம் அது பாக்ஸுக்குள்ள கெடக்கற ஈரத்துணிதான்.