சென்சாரைச் சுற்றி உடம்பு எழுப்பும் சுவர்

ரத்தச் சர்க்கரையை விடாமல் அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார் ஒன்றை உடம்பில் மாட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்றை மாட்டிய முதல் ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. போன வாரமும் அப்படித்தான். இரண்டு மணிக்கு போன் அலறியது: சர்க்கரை 58, ரொம்பக் குறைவு. ஆனால் வியர்வை இல்லை, கை நடுக்கம் இல்லை. விரலைக் குத்திப் பார்த்தால் 121.

முன்பெல்லாம் கருவிதான் பழுது என்று நினைப்பேன். விஷயம் அப்படியில்லை. தோலுக்கடியில் போவது மெல்லிய இழை. அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கிறது. குளுக்கோஸ் அதில் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது மின்முனையில் தரும் மின்னோட்டம்தான் திரையில் எண்ணாக வருகிறது. ஆனால் உடம்புக்கு இந்த இழை ஒரு முள். நுழைந்த சில நொடிகளிலேயே புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அப்புறம் வெள்ளை அணுக்கள் வந்து மொய்க்கின்றன. மொய்த்தவை சும்மா இருக்குமா? அங்கிருக்கும் குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் தின்கின்றன. ஆக, இழை நிற்கும் இடத்தில் சர்க்கரை உண்மையாகவே குறைந்திருக்கலாம்; ரத்தத்தில் அது குறைந்திருக்காது. வாரக்கணக்கில் விட்டுவைத்தால் இழையைச் சுற்றி கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலான சுவரே எழும்பிவிடும்.

இதற்கு ஆய்வாளர்கள் கையில் எடுத்திருப்பது நைட்ரிக் ஆக்சைடை. நம் ரத்தக்குழாயின் உட்சுவர் தானே சுரக்கும் வாயு அது. அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும், கிருமியைக் கொல்லும், புதுக் குழாய்கள் முளைக்க உதவும். அமெரிக்காவில் மார்க் மேயர்ஹாஃப், மார்க் ஷோன்ஃபிஷ் ஆகியோரின் குழுக்கள் இதைக் கசியவிடும் பூச்சுகளில் பல வருடங்களாக உழைத்திருக்கின்றன. எலிகளின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தபோது சுவர் மெலிந்தது, அழற்சி குறைந்தது.

சிக்கல் இருப்பு வைப்பதில். இந்த வாயு ரத்தத்தில் சில நொடிகூடத் தாங்காது. அதனால் டயசீனியம்டயோலேட் போன்ற சேர்மங்களில் கட்டிவைத்து, ஈரம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழவிட வேண்டும். மெல்லிய பூச்சில் எவ்வளவுதான் அடைக்க முடியும்? போதாததற்கு, அந்த வாயுவே மின்முனையில் வினைபுரிந்து எண்ணைக் கூட்டிக் காட்டலாம். அதைத் தடுக்க இன்னொரு சவ்வு வேண்டும்.

மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும் சென்சாருக்கு இது பெரிய தடை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னுடையது பத்தே நாளில் கழற்றுவது. பூச்சு இரண்டு மூன்று நாள் கசிந்தாலே எனக்குப் போதும். நான் விழித்துக் கிடப்பது அந்த முதல் ராத்திரியில்தான்.