ஏ.எம்.ஹெச். குறைவு என்றதும் பயந்துவிடாதீர்கள்: மதுரையில் எங்கள் பரிசோதனை அனுபவம்

36 வயதில் குழந்தைக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறினால் முதலில் வயதைத்தான் கேட்கிறார்கள். கேட்பது சரிதான். ஆனால் அந்த வயது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை, இரண்டாவதாக ஒரு டாக்டரைப் பார்க்கும் வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து எத்தனையோ பேர் இதற்காகவே மதுரைக்கு பஸ் ஏறி வருகிறார்கள், அவர்களில் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமே தாமதம்தான், தம்பி படிப்பு முடியட்டும் என்று இருந்ததில் 34 ஆகிவிட்டது. ஒரு வருஷம் தாண்டியதும் பார்க்கிறவர்கள் எல்லாம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அத்தை சஷ்டி விரதம் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன், திருப்பரங்குன்றமும் போய் வந்தோம், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கூடவே டாக்டரையும் பார்த்தோம். பொதுவாக டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: 35க்குள் என்றால் ஒரு வருஷம் முயற்சி செய்துவிட்டு வரலாம், 35 தாண்டினால் ஆறு மாதத்தில் வர வேண்டும், 40 தாண்டினால் காத்திருக்கவே கூடாது.

முதலில் போன இடத்தில் ஏ.எம்.ஹெச். என்று, கருமுட்டைக் கையிருப்பைக் காட்டும் ஒரு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். 0.6 வந்தது. "முட்டை தீர்ந்துக்கிட்டே வருது, நேரா ஐ.வி.எஃப். போயிருங்க" என்றார்கள். முட்டையை வெளியே எடுத்து லேபில் கரு உண்டாக்கிக் கர்ப்பப்பைக்குள் வைப்பதுதான் ஐ.வி.எஃப். அடுத்த அறையில் கட்டண விவரத்தாள் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு பரிசோதனைகூட எழுதவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன்.

நர்ஸாக இருக்கும் என் மதினிதான் பிடிவாதமாக வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏம்மா, நீ விவசாயக் குடும்பம்தானே, குலுக்கையில நெல்லு குறைஞ்சிருச்சுன்னா இருக்கிற நெல்லு முளைக்காதுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். ஏ.எம்.ஹெச். சொல்வது கையிருப்பை மட்டும்தான். பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது, வயதுக்கு வரும்போது அது 3, 4 லட்சமாகிவிடும், அப்புறம் குறைவதுதான், புதிதாக ஒன்றும் உற்பத்தி ஆவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் வெளியே வரும் அந்த ஒரு முட்டை நல்லதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயதுதான். வயது கூடக் கூட குரோமோசோம் பிரிவதில் பிழை கூடுகிறது, அதனால்தான் கரு தங்குவது குறைகிறது, கருச்சிதைவு அதிகமாகிறது. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு 25 வயதில் ஏறக்குறைய 1250 பிரசவத்தில் ஒன்று, 40 வயதில் நூற்றுக்கு ஒன்று என்பதும் இதே காரணத்தால்தான்.

2017இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வையும் அவரே சொன்னார். 30 முதல் 44 வயதுக்குள் இருந்த சுமார் 750 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஏ.எம்.ஹெச். 0.7க்குக் கீழே இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இயற்கையாகக் கருத்தரிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "அவங்கல்லாம் அப்பத்தான் முயற்சி ஆரம்பிச்சவங்க, நீங்க ஒரு வருஷத்துக்கு மேல பாத்துட்டீங்க, அதனால உங்களுக்கு அப்படியே பொருந்தாது, ஐ.வி.எஃப். பண்ண வேண்டி வந்தா முட்டை கம்மியாத்தான் கிடைக்கும், நாளைக் கடத்தாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆறுதலையும் அவசரத்தையும் ஒரே மூச்சில் இப்படி ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 35 தாண்டினால் மூன்றில் ஒருத்திக்கு ஒரு வருஷத்தில் தங்காது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்களே, அந்தக் கணக்குக்கு அடிப்படை 1670 முதல் 1830 வரையிலான பிரான்ஸ் நாட்டுப் பிறப்புப் பதிவேடுகளாம்! 2004இல் ஐரோப்பியத் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் இரண்டு முறையாவது சேர்ந்திருந்த 35 முதல் 39 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 82 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தங்கியிருக்கிறது. அதே ஆய்வில் கணவனுக்கு 35 வயது என்றால் தங்காமல் போவது 18 சதவீதம், 40 என்றால் 28 சதவீதம். வயது ஆணுக்கும்தான் ஆகிறது. இதை நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

பரிசோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன். பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் உள் ஸ்கேன், இரண்டு பக்கமும் முட்டை வளரும் சின்ன நீர்ப்பைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவார்கள், கூச்சமாக இருக்கும், வலிக்காது. தைராய்டு ரத்தப் பரிசோதனை சாதாரணம். பலரும் பயப்படுவது ஹெச்.எஸ்.ஜி.க்குத்தான். பீரியட்ஸ் நின்றபிறகு எடுப்பார்கள். கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. மருந்து ஏறும்போது மாதவிலக்கு வலியைப் போல ஒரு இழு இழுத்தது, அங்கிருந்த பெண் "அக்கா, மூச்சை மெதுவா விடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள், திரையில் நூல் மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடி நுனியில் பரவின. இரண்டு குழாயும் திறந்திருக்கிறது என்றார்கள். கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை. இரண்டு மூன்று நாள் சேராமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையும் அசைவும் குறைவு என்று வந்தது. அவருக்கு வயது 41. முதல் இடத்தில் சொன்னதோடு நின்றிருந்தால் எல்லாம் என் முட்டைமேலேயே போயிருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து என்னிடம் விசேஷம் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

இப்போது மாத்திரையோடு ஐ.யு.ஐ., அதாவது விந்துவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை, தொடங்கியிருக்கிறோம். எதுவரை பார்ப்பது, எப்போது ஐ.வி.எஃப்.க்கு மாறுவது என்று டாக்டரம்மா முன்கூட்டியே எங்களோடு பேசி முடிவு செய்திருக்கிறார். அப்படிப் போக வேண்டி வந்தால் அந்த இடம் செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான 2021 சட்டப்படி பதிவு பெற்றதா என்று முதலில் கேட்டுப் பார்ப்போம், நீங்களும் கேளுங்கள். அந்தச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரைதான் சிகிச்சை. ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்கே மாறினாலும் வேண்டியிருக்கும். யாராவது உங்கள் ஏ.எம்.ஹெச். எண்ணை மட்டும் வைத்து முடிவு சொன்னால், வீட்டுக்காரருடைய ரிப்போர்ட் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள்.