மூன்றாம் வரிசைப் பையனும் வகுப்பு நூலகமும்

பள்ளி அலமாரியில் இருந்த கதைப் புத்தகங்களையெல்லாம் ஒரு சனிக்கிழமை தரையில் பரப்பிவைத்து, எந்தக் கதையில் யாருடைய வீடு வருகிறது என்று பார்த்தேன். திருப்பூரை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் பனியன் கம்பெனியில் கட்டிங், டைலர், செக்கிங், அயர்ன், பேக்கிங் என ஏதேனும் ஒரு வேலையில் இருக்கிறார்கள். குடியிருப்பது ஒற்றை அறையும் பொதுக் குழாயும் கொண்ட லைன் வீடுகளில். அலமாரிக் கதைகளிலோ அரசர் இருந்தார், ஏழைப் புலவர் இருந்தார், ஏமாறும் சிங்கமும் ஏமாற்றும் நரியும் இருந்தன, விடுமுறைக்குத் தாத்தாவின் தோட்டத்து வீட்டுக்குக் காரில் போகும் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். லைன் வீடு ஒன்றுகூட இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் அம்மா ஒருவரும் இல்லை. மீன் குழம்பு கொதிக்கும் அடுப்பு ஒரே ஒரு கதையில் இருந்தது. அதுவும் பூனை திருடித் தின்பதற்காக.

இப்படி எண்ணிப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், 1962 முதல் 1964 வரை அங்கே வெளியான 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்து, கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 விழுக்காடுதான் என்று 1965இல் எழுதினார். நியூயார்க்கின் மழலையர் பள்ளி ஒன்றில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, இதில் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே ஏன் வருகிறார்கள் என்று கேட்டதைச் சொல்லித்தான் அந்தக் கட்டுரை தொடங்கும். இருபது ஆண்டு கழித்து 1985இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் எண்ணியபோது, அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியோ படம் வரைந்தோ வந்தவை வெறும் 18. பிறகு 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர், புத்தகம் ஒரு பிள்ளைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் ஜன்னலாகவும், சில வேளைகளில் திறந்துகொண்டு உள்ளே போகக்கூடிய கதவாகவும் இருக்கும் என்று எழுதினார். அந்த உவமையைப் படித்துவிட்டு வந்த உற்சாகத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

மூன்றாம் வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். எங்கள் பள்ளியில் அவன் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தமிழ் நன்றாகவே புரியும், பேசுவது குறைவு. வேறு மாநிலத்திலிருந்து செங்கல் சூளைக்குப் பிழைக்க வந்த குடும்பத்தைப் பற்றிய ஒரு படக்கதையைத் தேடிப் பிடித்து, இவனுக்கு இது கண்ணாடியாக இருக்கும் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்தேன். இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. அவன் குனிந்துகொண்டான். தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டத் தொடங்கியவன், கதை முடியும்போது அதை முழுவதும் உரித்து மேசைமீது சிறு சிறு உருண்டைகளாக வரிசைப்படுத்தியிருந்தான். ‘பாவம்ங் டீச்சர் அவங்கல்லாம்’ என்றாள் முன்வரிசையில் ஒரு பெண். கண்ணாடி என்று நினைத்து நான் நீட்டியது, அவன் முகத்தில் நேராக அடித்த டார்ச் வெளிச்சமாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் அலமாரிப் பக்கமே வரவில்லை.

அந்தக் கதையில் பிழை இல்லை. அதை நான் கையாண்ட விதத்தில்தான் பிழை. பிழைக்க வந்தவர்களைப் பற்றி அலமாரியில் ஒரே ஒரு புத்தகம் இருந்தால், அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளையைச் சுட்டும் விரலாகத்தான் இருக்கும். பத்துப் புத்தகம் இருந்து, அவற்றில் ஒன்றில் ஒடியாச் சிறுவன் துப்பறிந்து, ஒன்றில் சண்டை போட்டு, ஒன்றில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், அப்போது அவன் வெறுமனே ஒரு சிறுவன் ஆகிறான். நம்மூரில் சாதியைத் தொடும் கதைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவற்றை நான் இப்போது உரக்கப் படிப்பதில்லை; பிள்ளைகள் தாமே எடுத்துப் படிக்கும் இடத்தில் வைத்துவிடுகிறேன். பேச வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் வந்து பேசுகிறார்கள், வராதவர்களை நான் இழுப்பதில்லை.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது என்னிடம் இருக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தக் கதையில் சிக்கலைத் தீர்ப்பது யார்? சக்கர நாற்காலிச் சிறுமி வருகிறாள் என்றால், கடைசிப் பக்கத்தில் மற்றவர்கள் அவளுக்கு உதவி நல்லபிள்ளைப் பெயர் வாங்குவதற்காக மட்டும் வருகிறாளா, அவளே ஏதாவது செய்கிறாளா என்று பார்ப்பேன். முதல் வகையை எடுப்பதில்லை. அத்தகைய கதைகள் தமிழில் ஏராளம். நீதி சொல்லாவிட்டால் அது சிறுவர் கதையே இல்லை என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

புத்தகங்களுக்குப் பஞ்சம் என்று இன்று சொல்ல முடியாது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996இலிருந்து, ஒரே பக்கத்தில் இரண்டு மொழிகள் அமைந்த படக்கதைகளையும் வெளியிட்டு வருகிறது. அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் பள்ளிகளுக்கே வந்தன. ஆறாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் கூச்சமில்லாமல் எடுக்கும் அளவு மெலிந்த நூல்கள் அவை. காசில்லாத ஆசிரியருக்குப் பெருந்துணை, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம். அதிலுள்ள கதைகளை யாரும் இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். ஒரே கதை பல இந்திய மொழிகளில் கிடைக்கும். தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடும் ஒரு கதையை ஒடியாவிலும் தமிழிலும் அச்சிட்டு, மேலே ஒடியா, கீழே தமிழ் என்று ஒட்டி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் அலமாரியில் வைத்தேன்.

முதலில் எடுத்தவன் அவன் அல்ல, அவனுக்குப் பின்னால் இருக்கும் வாயாடி. ‘இதென்னங் டீச்சர், ஜிலேபியப் புழிஞ்சு வெச்ச மாதிரி இருக்குது?’ என்றான். ஒடியா எழுத்துக்குத் தலையில் வட்டமான ஒரு வளைவு உண்டு. பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் அப்படி வளைந்தது என்றும், நம் எழுத்தின் வளைவுகளுக்கும் அதே காரணத்தைச் சொல்வதுண்டு என்றும் விளக்கினேன். வாயாடி நேராக மூன்றாம் வரிசைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய், ‘படிச்சுக் காட்டுறா’ என்றான். அங்கேதான் என் கணக்கு மறுபடியும் தப்பியது. அவன் ஊரில் ஒன்றாம் வகுப்போடு வந்துவிட்டவன். நான்கைந்து எழுத்தைத் தடவிப் படித்துவிட்டு நின்றுவிட்டான். வீட்டில் பேசும் மொழியைப் பிள்ளை படிக்கவும் அறிந்திருப்பான் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

அன்று மாலை அவன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் காலை என் வாட்ஸ்அப்பில் அவனுடைய அம்மா அனுப்பிய குரல் பதிவு கிடந்தது. கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் அவர் இரவு பதினொரு மணிக்கு மேல், பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தோடு, கதை முழுவதையும் வாசித்திருந்தார். வகுப்பில் அதைப் போட்டேன். ஒரு சொல்கூடப் புரியாமல், தமிழ் வரிகளில் விரல் வைத்துக்கொண்டு, முப்பது பிள்ளைகளும் கேட்டார்கள். ‘டீச்சர், அவங்களுக்கும் ள இருக்குது!’ என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். உண்மைதான், பாடப்புத்தக இந்தியில் இல்லாத ளகரம் ஒடியாவில் உண்டு. அதுவரை வகுப்புக்கு அவன் ‘இந்திக்காரன்’. அந்த ஒற்றை எழுத்து அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டது.

அப்பா கிண்ணத்தில் சோறு உண்ணும் படம் வந்த இடத்தில் ‘பகாள’ என்றொரு சொல் காதில் விழுந்தது. என்னவென்று கேட்டேன். ‘சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு மறுநாளு சாப்புடறதுங் டீச்சர். வெங்காயம், மொளகாய் வெச்சுக்குவோம். அது புக்குல இல்லீங், அம்மா சும்மா சேத்துக்கிச்சு’ என்றான். ‘அட, பழைய சோறுடா!’ என்று வகுப்பே கத்தியது. அச்சில் வெறும் சோறு என்றிருந்ததைத் தன் வீட்டுச் சோறாக மாற்றிப் படித்த அந்த அம்மாவிடம், நான் படித்த ஆசிரியர் பயிற்சியைவிடக் கூடுதலான வாசிப்புத் தெளிவு இருந்தது என்றே நினைக்கிறேன். அன்றைக்கு எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்தான், அவன் குனியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அலமாரியில் லைன் வீடு வரவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளே எழுதுகிறார்கள். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி, ஒரு படம். அட்டைக்குமேல் கட்டிங் மிச்சத் துணி. வாயாடியும் மூன்றாம் வரிசைப் பையனும் சேர்ந்து எழுதும் கதையில், பிசிறு வெட்டும் ஓர் அம்மாவின் குட்டிக் கத்தரிக்கோல் காணாமல்போகிறது. அதைத் தேடி இரண்டு பையன்கள் லைன் வீட்டின் ஒவ்வொரு கதவையும் தட்டுகிறார்கள். ஆறாம் கதவு வரை வந்திருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வருவதற்குள் அது கிடைக்க வேண்டும் என்பதால், அவர் அன்று பார்ப்பது ஒரு ஷிப்டா ஒன்றரை ஷிப்டா என்ற சண்டையில் கதை இரண்டு வாரமாக நின்றுகிடக்கிறது.