காலை பத்து மணிச் சிவப்பு

கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் எங்களுக்கு நல்ல செய்மதிப் படம் கிடைக்கும். மாரியில் திருகோணமலைக்கு மேல் முகில் விலகாது. லான்ட்சாட் 8 செய்மதி 16 நாளுக்கொருக்கால் வந்தாலும் முகிலைத்தான் பிடித்துத் தரும்.

அந்தப் படத்திலிருந்து தரைமேற்பரப்பு வெப்பநிலையைக் கணித்து, சூட்டுக்குச் சிவப்பு, குளிருக்கு நீலம் என்று நிறம் தீட்டுவது என் வேலை. கூட்டத்தில் திரையில் போட்டதும் எல்லாரும் நகரத்துச் சிவப்பைத்தான் தேடுவார்கள். ஆனால் சிறுபோகம் செய்யாமல் காய்ந்து கிடக்கும் வயல்வெளி பல வேளை நகரைவிடச் சிவந்திருக்கும். ஈரமில்லாத மண்ணில் ஆவியாக ஒன்றுமில்லை. விழுகிற வெயிலில் பெரும்பகுதி சூடாகவே மாறும். பெரிய களஞ்சியங்களின் வெறும் தகரக் கூரையோ குளிர்ந்ததுபோலத் தெரியும். பளபளப்பான தகரம் வெப்பக் கதிரைக் குறைவாகவே உமிழும். அதற்குத் திருத்தம் செய்யாவிட்டால் கணக்கு ஏமாறிவிடும். அந்தக் கூரைக்குக் கீழே மத்தியானம் மூட்டை தூக்குகிறவர்களிடம் நீலத்தைக் காட்டத் துணிவு வேண்டும்.

பாலையூற்றில் ஒரு ஒழுங்கைக்குள் களவேலைக்குப் போயிருந்தேன். மா, வேம்பு, முருங்கை நின்ற வளவு மூன்றாகப் பிரிந்து, மதிலோடு மதிலாக வீடுகள். முற்றம் முழுக்க இன்ரலொக் கல். வாசலில் இருந்த அம்மா சொன்னார்: "பகலில எங்கயாவது நிழலில இருந்திரலாம் தம்பி. ராவிலதான் சுவரில முதுகு வைக்கேலாது. அதுக்கு உங்கட படத்தில என்ன நிறம்?"

நிறமே இல்லை. லான்ட்சாட் எங்களைப் படம்பிடிப்பது வழக்கமாகக் காலை பத்து மணியளவில். கொங்கிறீற் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடும். நெருங்கிய சுவர்களுக்கிடையே வானம் தெரியாததால் அதுவும் மெதுவாகவே வெளியேறும். மோடிஸ் என்ற வேறொரு செய்மதிக் கருவி இரவிலும் பார்க்கும். ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி தரையில் 1 கிலோமீற்றர் அகலம். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த எங்கள் நகரில் பாதிப் புள்ளி கடலுக்குள் விழுந்துவிடும்.

கூட்டங்களில் றோட்டோரம் மரம் நடுவோம் என்கிறார்கள். நடட்டும். இருக்கிற நிழலில் பெரும்பங்கு வளவுகளுக்குள்தான் நிற்கிறது, அதுதான் தறிபடுகிறது என்பது என் எண்ணம். அனுமதிக்கு வரும் வீட்டு வரைபடங்களில் மலசலகூடக் குழி குறித்திருக்கும். நிற்கிற மாமரம் இருக்காது. அதையும் குறிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுப்பார்களாம்.